முதல் கடல் கயாக்: எந்த டிசைனைக் கட்டலாம்?

காளிங்கராயன்கரை:
வணக்கங்க. ஊர் ஈரோடு. கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) ஓட்ட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. நேராகப் போகவும் திருப்பவும் வரும். கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே உருண்டு எழ வராது. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 62 கிலோ. மாமாவின் மரப்பட்டறையில் இடமும் இழைப்புளியும் இருக்கிறது, தச்சு வேலையும் பழக்கம்.

மூன்று டிசைனில் குழம்பி நிற்கிறேன். ஒன்று, பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து எபாக்ஸி பசையில் ஒட்டும் சீசபீக் 17. நீளம் 17 அடி, அகலம் 24 அங்குலம். இரண்டு, மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தும் கிரீன்லாந்து கயாக். அகலம் 20 அங்குலம்தான். பார்த்தாலே மனசு அதில் போய்விடுகிறது. மூன்று, மெல்லிய மரக்கீற்றுகளை வரிசையாக ஒட்டிக் கட்டுவது. ஓட்டப்போவது பெரும்பாலும் ஊராட்சிக்கோட்டை கதவணைக்கு மேலே தேங்கும் காவிரியில், அவ்வப்போது ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில். எதைக் கட்டட்டும்?

சிறுவாணி:
தம்பி, மூன்றாவதை இப்போதைக்கு விடுங்க. ஒவ்வொரு கீற்றாக ஒட்டி இழைத்து முடிப்பதற்குள் சீசன் போய்விடும்.

சீசபீக் 17 நல்ல டிசைன்தான், ஆனால் உங்க எடைக்குப் பெரிது. எந்தக் கயாக்கும் இத்தனை கிலோ ஏறினால் இவ்வளவு அமிழும் என்று கணக்குப் போட்டுத்தான் வரைகிறார்கள். 62 கிலோ ஆள் தண்ணீர் பாட்டிலோடு மட்டும் ஏறினால் அது மேலே தூக்கியே மிதக்கும். காற்று பிடிக்கிற பரப்பு கூடிவிடும். பக்கக் காற்றில் முன்முனை காற்று வரும் திசைக்கே திரும்பிக்கொண்டிருக்கும். பாதித் துடுப்பு அதைத் திருத்தவே செலவாகும். வாரக்கணக்கில் கூடாரம், சாப்பாடு ஏற்றிப் போகிறவருக்கு அது சரி.

நீளம் என்றால் வேகம் என்பதும் வேகமாகத் துடுப்பு போடுபவருக்குத்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறவருக்கு, கூடுதல் நீளம் தண்ணீரோடு கூடுதல் உரசல். அதே தையல் முறையில் 15 முதல் 16 அடி, 22 அல்லது 23 அங்குலம், மேல்தளம் தாழ்வாக உள்ள டிசைனைப் பாருங்க. அடிப்பாகம் முழுத் தட்டையாக வேண்டாம். தட்டை அடி தேங்கிய தண்ணீரில் ஆடாமல் நிற்கும். பக்கத்தில் அலை வந்தால் அலையின் சரிவோடு தானும் சாயும். லேசான கூர் அடி முதலில் ஆடுகிற மாதிரி தெரியும், ஆனால் சாய்ந்த பிறகு தாங்கும். பாக் நீரிணை ஆழம் குறைவு. காற்றெடுத்தால் குட்டைக் குட்டையாக, நெருக்கமாக அலை வரும். அங்கே இந்த வித்தியாசம் தெரியும்.

பரிசல்துறை:
துணி கயாக் கட்டி ஓட்டுகிறவன் நான். அதை ஆளை அளந்து கட்டுவார்கள்: நீளம், இரு கையையும் விரித்த அளவுக்கு மூன்று மடங்கு; அகலம், இடுப்பு அகலத்தோடு இரண்டு முஷ்டி. உடலோடு ஒட்டி நிற்கும், உருண்டு எழ அதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் உருளத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சுலபம். நீங்க வெளியே வந்து தண்ணீரிலிருந்து திரும்ப ஏற வேண்டியவர். 20 அங்குலத்தில், அலையில், அது பெரிய பாடு. உள்ளே குறுக்குத் தடுப்பும் கிடையாது. காற்றுப் பை திணிக்காவிட்டால் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். இரண்டாவது கயாக்காகக் கட்டுங்க, நானே உதவிக்கு வருகிறேன்.

சிறுவாணி அண்ணன் சொல்கிற தையல் கயாக்கில் முன்னும் பின்னும் தடுப்பு வைத்து, இரண்டு முனை அறையையும் காற்றுப்புகாமல் அடைத்துவிடுங்க. கவிழ்ந்தாலும் நடுப்பகுதியில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும்.

காளிங்கராயன்கரை:
ரொம்ப நன்றிங்க அண்ணா. அப்போ 16 அடி தையல் கயாக்தான். பிளைவுட் 8 அடிதானே வரும், எப்படி நீட்டுவது? இங்கே கிடைப்பதே போதுமா?

சிறுவாணி:
ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள மரைன் (தண்ணீர் தாங்கும்) பிளைவுட், 4 மி.மீ. போதும். வெளிநாட்டில் ஒக்கூமே மரத்தில் செய்வார்கள். நம்ம ஊர் குர்ஜன் பிளைவுட் அதைவிடக் கனம், அதனால் கயாக்கும் கொஞ்சம் கனமாகத்தான் வரும்.

இணைப்புக்கு இரண்டு பலகையின் ஓரத்தையும் சரிவாக இழைக்க வேண்டும், தடிமனுக்கு எட்டு மடங்கு. 4 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. சரிவு. பலகைகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி ஒரே வீச்சில் இழைத்தால், பிளைவுட்டின் ஒவ்வொரு அடுக்கும் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகள் வளையாமல் ஒரே அகலத்தில் நேராக ஓடினால் சரிவு சரி. வளைந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது.

தைக்கச் செம்புக் கம்பிக்கு அலைய வேண்டாம், எந்த மோட்டார் காயில் கட்டும் கடையிலும் கிடைக்கும். எபாக்ஸியைச் சித்திரை வெயிலில் கலக்காதீங்க, கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும்; மார்கழி, தை நல்லது. கிண்ணமும் சின்னதாக இருக்கட்டும். பாலியெஸ்டர் ரெசின் மலிவென்று யாராவது சொன்னால் கேட்காதீங்க, மரத்தில் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. கடைசியில் வெயில் தாங்கும் வார்னிஷ் கட்டாயம்.

பரிசல்துறை:
திரும்ப ஏறும் பயிற்சிக்கு அமராவதி அணை வேண்டாம், அங்கே முதலை உண்டு. யாராவது தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் பழகுங்க. காவிரியில் இறக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்க, கதவணை ஷட்டர் பக்கமே போகாதீங்க. அப்புறம், மேல்தளத்தை ஒட்டும் முன்னால் உள்ளே உட்கார்ந்து பாருங்க. முழங்கால் இரண்டும் தளத்தின் அடியில் முட்டி நிற்க வேண்டும், பாதத்துக்குக் கட்டை வேண்டும். ஒட்டிய பிறகு அந்த இடத்தை மாற்ற முடியாது.