அரங்கேற்றத்துல எடுத்த படம் எல்லாம் மங்கலா வருது, உதவி தேவை

புதுக்கேமரா: கேமரா வாங்கி ரெண்டு வாரம். நேத்து பரதநாட்டிய அரங்கேற்றத்துல 200 படம் எடுத்தேன், ஒண்ணுகூடத் தெளிவா இல்லை. லென்ஸ் பழுதா? ஞாயித்துக்கிழமை இன்னொரு நிகழ்ச்சி இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

மழைக்குருவி: எந்த கேமரா, எந்த லென்ஸ், என்ன மோடு? ஷட்டர் (ஒளி உள்ள விழுற நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எவ்வளவு?

விளக்கொளி: லென்ஸ் முன்னாடி மாட்டுற யூவி ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. மலிவான கண்ணாடிதான் காரணமா இருக்கும்.

புதுக்கேமரா: ஃபில்டர் இல்லை. கேனான் 1500டி, கூட வந்த 18-55 எம்எம் லென்ஸ். ஷட்டரைக் கேமராவே முடிவு பண்ற ஏவி மோடு. 1/20 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800.

பழைய_ஃபிலிம்: கையேட்டைப் புரட்டாம மேடை முன்னாடி போய் நின்னா இப்படித்தான். 1/20ல அடவு, அந்த ஆட்ட அசைவு, நிக்குமா? ஒரு மாசம் வெயில்ல அசையாத பொருளை எடுத்துப் பழகுங்க.

மழைக்குருவி: ஞாயித்துக்கிழமைக்கு அது உதவாது ஐயா. படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. மேடைப் பின்திரையும் முகமும் தெளிவு, கை கால் மட்டும் இழுபட்டிருந்தா ஆட்ட வேகம். எல்லாமே ஒரே பக்கமா இழுபட்டிருந்தா கை நடுக்கம். ஆள் முழுக்க மங்கி, திரை தெளிவுன்னா ஃபோகஸ் தவறு.

விளக்கொளி: ஃபிளாஷ் போட்டா முடிஞ்சது.

மழைக்குருவி: அந்தக் கேமராவுல உள்ள ஃபிளாஷோட வழிகாட்டி எண் (எவ்வளவு தூரம் எட்டும்னு கணக்குப் போடுற எண்) 9.2. ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6ன்னா சுமார் நாலரை மீட்டர்தான் எட்டும்.

விளக்கொளி: முதல் வரிசையில உக்காந்தா எட்டும்ல?

பழைய_ஃபிலிம்: எட்டும். ஆடுற பொண்ணு கண்ணும் கூசும், மேடை விளக்கோட நிறமும் செத்துடும். அனுமதி கேக்காம போடவே கூடாது.

விளக்கொளி: கல்யாணத்துல எல்லாரும் போடுறாங்களே.

பழைய_ஃபிலிம்: தாலி கட்டுறதும் ஜதிக்கு ஆடுறதும் ஒண்ணா?

மழைக்குருவி: கேள்விக்கு வருவோம். ஷட்டரை நாமே வைக்கிற டிவி மோடு, 1/400, ஐஎஸ்ஓ 6400. ஜூமை 18லயே வைங்க, எஃப்/3.5 கிடைக்கும் (எண் குறைஞ்சா திறப்பு பெருசு), நேத்து இருந்த அதே வெளிச்சத்துக்குக் கணக்கு சரியா வரும். 55க்கு இழுத்தா எஃப்/5.6, அப்ப 1/160தான் தாங்கும். எஃப் எண் மினுக்குனா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். 50 எம்எம் எஃப்/1.8 வாடகைக்குக் கிடைச்சா ஐஎஸ்ஓ 1600லயே 1/400 வரும், படத்துல தெரியிற புள்ளிப் புள்ளியான இரைச்சலும் குறையும். ஃபோகஸுக்கு நகர்ற ஆளைத் தொடர்ற ஏஐ செர்வோ, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும். கேமராத் திரையைப் பார்த்து எடுக்காம வ்யூஃபைண்டர்ல கண்ணை வைங்க. தீர்மானம் (ஜதியோட முடிப்பு) முடிஞ்சு சிலையா நிக்கிற நொடிக்கு 1/125கூடப் போதும்.

புதுக்கேமரா: திரை தெளிவு, கைதான் இழுபட்டிருக்கு. 50 எம்எம் லென்ஸ் வாடகைக்குச் சொல்லியிருக்கேன்.

புதுக்கேமரா: ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி முடிஞ்சுது. 1/400, ஐஎஸ்ஓ 1600. படம் தெளிவா வந்துடுச்சு. நன்றி.

பழைய_ஃபிலிம்: நல்லது. வெள்ளை பேலன்ஸ், அதான் விளக்கு நிறத்துக்கு ஏத்த அமைப்பு, எதுல வச்சீங்க?