அகழாய்வு எலும்பும் அன்றாட மன அழுத்தமும்: ஒரே ஆய்வேட்டில் ஒப்பிடலாமா?

கேள்வி:
வணக்கம். மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். அகழாய்வில் கிடைத்த எலும்புக்கூடுகளில் தென்படும் அழுத்தத்தின் தடயங்களை, இன்று வாழ்வோர் நாள்தோறும் உணரும் மன அழுத்தத்தோடு ஒப்பிட விரும்புகிறேன். இது முறையான ஒப்பீடாக அமையுமா?

மறுமொழி 1:
நேரடியாக அமையாது. பல் எனாமலில் குறுக்காக ஓடும் பள்ளக்கோடுகள், குழந்தைப் பருவத்தில் ஊட்டக்குறைவோ கடும் நோயோ தாக்கியபோது வளர்ச்சி தடைபட்டதைக் காட்டுகின்றன. எனாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாததால் அத்தடம் அப்படியே நின்றுவிடுகிறது. அது உடல் பட்ட பாட்டைச் சொல்லுமே தவிர, மனம் பட்ட பாட்டைச் சொல்லாது. மன அழுத்தத்தை அளக்க 1983-இல் வெளியான உணரப்பட்ட அழுத்த அளவுகோல் என்ற வினாத்தாளோ, கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எந்த அளவுக்குத் தம் கைமீறிப் போனதாக ஒருவர் உணர்ந்தார் என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். ஆனாலும் தலைமுடி உங்களுக்குக் கைகொடுக்கலாம். அது மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், தோலை ஒட்டிய 3 செ.மீ. முடியில் சுமார் 3 மாதக் கார்டிசால் (அழுத்தத்தின்போது உடலில் கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன்) பதிந்திருக்கும். பதப்பட்ட பழங்கால உடல்களின் முடியிலும் இதை அளந்திருக்கிறார்கள். ஈரமும் மண்ணும் அளவை மாற்றக்கூடும் என்பதை மட்டும் ஆய்வேட்டில் விரிவாக விவாதியுங்கள்.

மறுமொழி 3:
ஒரு எச்சரிக்கை. தடயம் கூடுதலாக இருந்தால் வாழ்வு மோசமாக இருந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல்லில் கோடு விழும் அளவுக்கு உயிர்பிழைத்தவர் தேறியவர். அதே நோயில் உடனே இறந்த குழந்தையிடம் எந்தத் தடயமும் இராது. 1992 முதல் இத்துறையில் தொடர்ந்து விவாதிக்கப்படும் இந்த முரணை முதல் இயலிலேயே எதிர்கொள்வது நல்லது.