கண்ணே இல்லாம ஒரு பொம்பளைப் படமா?

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
பக்கத்து இழையில ஒரு மேதாவி எழுதியிருக்காரு: "ரவிவர்மா போட்டது காலண்டர் படம், நவீன ஓவியர்கள் அரூபமா, அதாவது உருவமே தெரியாம, வரைஞ்சதுதான் பெண்ணோட நிஜமான உருவப்படம்." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. காலமெல்லாம் பசங்க கையைப் பிடிச்சு கண்ணு வரையச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஸ்தபதி சிலையை முழுசா முடிச்சிட்டு கடைசியாத்தான் கண் திறப்பாரு. அதுவரைக்கும் அது கல்லு. நவீன ஓவியர் எம்.எஃப். ஹுசைன் போட்ட மதர் தெரசாவுல கண் எங்கே? சொல்லுங்க.

கோட்டை_அகழி:
அந்த மேதாவி நான்தான் சார், வணக்கம். வெள்ளைச் சேலை, நீலக் கரை, முக்காட்டுக்குள்ள வெறும் இருட்டு. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது "இது யாரு?"ன்னு கேட்டிருக்காங்களா? சின்னக் குழந்தையா இருக்கும்போதே தாயைப் பறிகொடுத்தவரு ஹுசைன். அம்மா முகமே ஞாபகம் இல்லாதவரு வேற எப்படி ஒரு தாயை வரைவாரு?

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
சேலையைத்தான் அடையாளம் தெரியுது தம்பி, அந்த அம்மாவை இல்ல. அதே சேலையை ஒரு கம்பத்துல சுத்தி வெச்சாலும் தெரசான்னுதான் சொல்லுவீங்க. ஹுசைன் பம்பாய்ல சினிமா பேனர் எழுதிப் பொழைச்சவரு. பேனர்ல கதாநாயகிக்குக் கண் வெச்சவருக்கு கேன்வாஸ்ல மட்டும் ஏன் மறந்துபோச்சு? கண் எங்கே?

காட்பாடி_ஜங்ஷன்:
ஒரு நிமிஷம். அரூபம் வேற, உருவத்தைச் சுருக்கி வரையறது வேற. தெரசா படம் அரூபமே இல்ல, அதுல உருவம் இருக்கு. முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு முடிவு பண்ணிக்கலாமா?

கோட்டை_அகழி:
வரையத் தெரியாம விட்டாருன்னு சொல்றீங்களா சார்? பேனர் எழுதினவருன்னும் நீங்களே சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
தெரிஞ்சே விட்டாருன்னா அது இன்னும் பெரிய திமிரு. கல்கத்தா ஜாமினி ராயைப் பாருங்க. அவரும் நவீன ஓவியர்தான். கறுப்புக் கோடு, காது வரைக்கும் நீண்ட கண்ணு. எதை விட்டாலும் கண்ணை விடல. என் வீட்டுக் கூடத்துல ரவிவர்மா லட்சுமி தொங்குது. எங்க நின்னாலும் என்னையே பார்க்கும்.

தோட்டப்பாளையம்_தூரிகை:
ஐயா, ஜாமினி ராய் வெளிநாட்டுச் சாயத்தை ஒதுக்கிட்டு மண்ணுல, செடியில எடுத்த நிறத்தைப் புளியங்கொட்டைப் பசையில குழைச்சவரு. உங்க ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தை வெள்ளைக்காரங்க பாணியில பூசினவரு. 1894-ல அச்சகம் வெச்சு லட்சுமி, சரஸ்வதியை ஊரெல்லாம் பரப்பினவரும் அவருதான். காலண்டர்னு சொன்னா ஏன் கோவம்?

இன்னொண்ணு. பொம்பளைப் படத்தைப் பத்தி இவ்வளவு சண்டை, ஒரு பொம்பளை ஓவியர் பேரு கூட இன்னும் வரல. அமிர்தா ஷேர்கில் 1935-லயே 'மூன்று பெண்கள்' வரைஞ்சாங்க. மூணு பேருல ஒருத்தியும் நம்மளைப் பார்க்க மாட்டா. சிவப்பு, பச்சைத் துணி, தொங்கிப்போன தோளு, குனிஞ்ச பார்வை. மூக்கையும் விரலையும் தனித்தனியா வரையாம வண்ணத் திட்டாவே விட்டிருப்பாங்க. தலையில என்ன பாரம்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
அம்மா, அதுல கண்ணு இருக்குது. குனிஞ்ச கண்ணும் கண்ணுதான். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க. நன்றி.

தோட்டப்பாளையம்_தூரிகை:
நான் எப்போ சொன்னேன்? கண்ணு தெரியாமலே பாரம் தெரியுதுன்னேன்.

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
இமை இருந்தா அதுக்கடியில கண்ணு இருக்குது. தெரசாவுல இமையே இல்ல.

காட்பாடி_ஜங்ஷன்:
என் கேள்வியை யாராவது பார்த்தீங்களா?

கொசப்பேட்டை_கோவாலு:
இன்னாபா இது, ரெண்டு நாளா கண்ணு கண்ணுன்னு ஒரே ரோதனையா கீது. பம்பாயி, கல்கத்தான்னு பேசறீங்களே, நம்ம வடாற்காடு ஆளு சந்தானராஜைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கே முதல்வரா இருந்த மனுஷன். அவரு கோட்டுக்கு முன்னாடி எவன் நிப்பான்?

கோட்டை_அகழி:
அண்ணே, சந்தானராஜ் திருவண்ணாமலைக்காரரு. 1989-லயே மாவட்டம் பிரிஞ்சுபோச்சு.

கொசப்பேட்டை_கோவாலு:
அவரு பொறந்தது 1932. அப்போ அது வடாற்காடுதான். பொறந்த மனுஷனைத் திரும்பப் போயி வேற மாவட்டத்துல பொறக்கச் சொல்லுவியா? போன வாட்டி வேலூர்க் கோட்டை அகழியில முதலை இருந்திச்சா இல்லியான்னு சண்டை போட்டப்பவும் இதே மாதிரிதான் குதர்க்கம் பேசினே. பேரை மட்டும் அகழின்னு வெச்சிகினு.

கோட்டை_அகழி:
முதலைக்கு ஆதாரம் கேட்டேன், நீங்கதான் இன்னும் கொடுக்கல.

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
பேச்சை மாத்தாதீங்க. பதில் இல்லாதவங்கதான் முதலை, மாவட்டம்னு தாவுவாங்க. அரூபம் வேணும்னா மலையை வரை, வானத்தை வரை. மெட்ராஸ் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் எழுத்தும் குறியீடுமா கேன்வாஸை நிரப்பினாரு, நான் ஏதாவது சொன்னேனா? ஒரு பொம்பளையை நிக்க வெச்சு, முகத்தை மட்டும் அழிச்சிட்டு, இதுதான் நிஜமான உருவம்னா எப்படி? ஆம்பளை ஓவியனுக்கு அவ உடம்பு வேணும், துணி வேணும், முகம் வேணாமா? இதைக் கேட்டா நான் பழைய பஞ்சாங்கம்.

தோட்டப்பாளையம்_தூரிகை:
இப்பத்தான் ஐயா உருப்படியா ஒண்ணு சொன்னீங்க. ஆனா அதே கேள்வியை ரவிவர்மாகிட்டயும் கேளுங்க. அவரு வரைஞ்ச தேவிக்கு முகம் இருக்கு, சரி. அது யாரோட முகம்? நின்னு கொடுத்த பொண்ணுக்கு ஒரு பேரு இருந்திருக்குமே?

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
பேரு யாருக்கு வேணும்? கண்ணு இருந்தா போதும்.

கொசப்பேட்டை_கோவாலு:
வாத்தியாரே, 2019-ல ராணிப்பேட்டையும் தனி மாவட்டம் ஆயிடுச்சு. வேலூர் குழுவுல உனக்கு இன்னா வேலை?

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
மரியாதை, மரியாதை. நிர்வாகி இதைப் பார்த்துக்கிட்டு இருக்காரா இல்லையா?

கோட்டை_அகழி:
சார், உட்கார்ந்த இடத்துல டைப் அடிச்சா தீராது. வர்ற வெள்ளிக்கிழமை கோட்டைக்குள்ள மியூசியத்துக்கு வாங்க, அங்க நேர்ல வெச்சுப் பேசிக்கலாம்.

ராணிப்பேட்டை_டிராயிங்_வாத்தியார்:
வெள்ளிக்கிழமை மியூசியம் லீவுன்னு கூடத் தெரியாத ஆளு, ஹுசைனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாரு!