மறுமொழி: சேஃப் மோடுக்கு ‘வரையணுகல் நிலை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

தரவுகளைத் திரட்டி இணைக்கும் இன்ஃபர்மேட்டிகா பவர்சென்டர் மென்பொருளில் வரும் ‘சேஃப் மோட்’ (safe mode) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாகத் தருமபுரி நண்பர் முன்வைத்த ‘பாதுகாப்பு முறை’ எனக்கு ஒப்பவில்லை. விண்டோஸில் சேஃப் மோட் என்றால் அத்தியாவசிய இயக்கிகளை (டிரைவர்களை) மட்டும் ஏற்றிக்கொண்டு கணினி எழுவது. பவர்சென்டரில் கதையே வேறு. அங்கே ஒருங்கிணைப்புச் சேவையை (Integration Service) இந்த நிலைக்கு மாற்றினால், அதை நிர்வகிக்கும் உரிமை உள்ளவர் மட்டுமே பணிப்பாய்வுகளை, அதாவது வரிசையாக நடக்கும் தரவு வேலைகளை, இயக்க முடியும். மாற்றும்போது, ஓடிக்கொண்டிருப்பவற்றை முடிய விடுவதா, நிறுத்துவதா, முறிப்பதா என்று திரை கேட்கும். அட்டவணைப்படி இரவில் ஓடவேண்டியவை தாமாக ஓடா. இயல்பு நிலைக்குத் திருப்பினால்தான் அட்டவணை உயிர்பெறும். யார் உள்ளே வரலாம் என்பதுதான் இங்கே கேள்வி. பாதுகாப்பு அதன் விளைவு மட்டுமே.

எங்கள் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பருவம் முடிந்தபின் வாயிற்கதவு பழ லாரிக்குத் திறக்காது, ஃபிட்டருக்குத் திறக்கும். அதுபோலத்தான். அதற்காகக் ‘கதவடைப்பு நிலை’ என்று வைத்துவிடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் தொழிற்சங்கம் கொடி எடுத்துவிடும்.

‘காப்பு நிலை’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் காப்புநகல் (பேக்கப்) என்ற சொல் வேரூன்றிவிட்டதால், நகலெடுக்கும் வேலை நடக்கிறது என்றே பயனர் நினைப்பார். ‘நிர்வாகி நிலை’ இன்னும் ஆபத்து: நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு இயக்குவதாகப் பொருள்பட்டுவிடும். ‘பராமரிப்பு நிலை’யில் பிழை இல்லை, ஆனால் ஒரு கணினி செயலிழந்து மற்றொன்று பொறுப்பேற்கும்போதும் சேவை இந்த நிலையில் எழும்படி அமைக்கலாம். அது பராமரிப்பா?

ஆகவே என் முன்மொழிவு ‘வரையணுகல் நிலை’, அதாவது வரையறுத்த அணுகல். வரையறை, வரையறுத்தல் எல்லாம் நமக்குப் பழகியவைதாமே. வரை என்றால் மலை, இது மலையேறும் குழுவின் பெயர்போல இருக்கிறது என்று புலவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் ரெஸ்டிரிக்டெட் செஷன் (restricted session) என்ற நிலைக்கும் இதே சொல் உதவும். அங்கும் அதற்கான சிறப்புரிமை பெற்றவர் மட்டுமே புதிதாக நுழையலாம். ஆனால் முன்பே உள்ளே இருப்பவரை அது தானாக வெளியேற்றாது என்பதால், ‘வெளியேற்று நிலை’ என்ற மற்றொரு யோசனையும் அடிபட்டுப்போகிறது.

பொத்தானில் இடம் போதாவிட்டால் ‘நிலை’யை விட்டுவிட்டு ‘வரையணுகல்’ என்று மட்டும் போடலாம். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள். ‘பாதுகாப்பான பயன்முறை’யை மட்டும் மீண்டும் கொண்டுவராதீர்கள், அது எந்தப் பொத்தானிலும் அடங்காது.