சாய்தளம் கட்டிவிட்டார்கள், ஏறத்தான் முடியவில்லை

சக்கரக்காரி:
வீல்சேரில் போய்வருகிறவள் நான். கணக்குப் பிரிவில் வேலை. அலுவலக வாசலில் மூன்று படி. மூன்று வருடமாகக் காவலாளியும், அந்த நேரத்தில் கண்ணில் படுகிற இன்னொருவரும் நாற்காலியோடு என்னைத் தூக்கி வைப்பார்கள். தூக்குகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்று நான் மழையில் நிற்பேன். கேட்டுக் கேட்டு, போன மாதம் சாய்தளம் கட்டினார்கள். ரிப்பன் வெட்டியதே நான்தான்.

வெட்டிய கையோடு ஏறிப் பார்த்தேன். பாதியில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. பின்னால் நின்றவர் பிடித்திராவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும். முன்பு தூக்கவும் இரண்டு பேர்தான். சொன்னால், "செய்து கொடுத்தாலும் குறையா?" என்கிறார்கள். நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா? எப்படிப் பேசுவது?

ரசமட்டம்:
கட்டட வேலை பார்க்கிறவன். மொத்த உயரம் எவ்வளவு, சாய்தளத்தின் நீளம் எவ்வளவு? அளந்து போடுங்கள்.

சக்கரக்காரி:
உயரம் 45 செ.மீ. நீளம் ஒன்றரை மீட்டர்.

ரசமட்டம்:
அது சாய்தளம் இல்லைங்க, சறுக்குமரம். பல நாட்டு விதிகளிலும் இருக்கிற கணக்கு 1:12. ஒரு செ.மீ. உயர 12 செ.மீ. நீளம். உங்கள் 45-க்கு 540 செ.மீ. வர வேண்டும். கட்டியவர் பைக் ஏற்றுகிற சரிவைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இடம் இல்லை என்பார்கள். நேராகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? 270 போய், ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு, திருப்பி இன்னொரு 270. இரண்டு பக்கமும் கைப்பிடி. மேலே கதவுக்கு முன்னாலும் சமதளம் கேளுங்கள். இல்லாவிட்டால் சரிவில் நின்றபடி ஒரு கையில் சக்கரம், மறு கையில் கதவு என்று திண்டாட வேண்டியதுதான்.

வழிப்போக்கன்:
மேலாளரை ஒரு நாள் வீல்சேரில் உட்கார வையுங்கள். தானாகப் புரியும்.

வெள்ளைத்தடி:
தயவுசெய்து வேண்டாம். எனக்குப் பார்வை இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பத்து நிமிடம் சுவரைத் தடவிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக்கொட்டினார்கள். எந்தத் தளம் என்று லிஃப்டில் சொல்கிற குரலை மட்டும் இன்றுவரை யாரும் போடவில்லை. அளவு நாடாவோடு போங்கள்.

அதிகம் எதிர்பார்க்கிறேனா என்று கேட்டீர்களே. ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்கிறது. கட்டடம், போக்குவரத்து எல்லாம் அதன் 9ஆம் பிரிவில் வருகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்து, எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1990 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமைக்குச் சட்டம் கேட்டு, நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் வீல்சேரையும் ஊன்றுகோலையும் விட்டுவிட்டுத் தவழ்ந்தே ஏறினார்கள். ஜூலையில் சட்டம் கையெழுத்தானது. அவர்களையும் அன்றைக்குக் குறை சொல்கிறவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சக்கரக்காரி:
அளவு போட்ட படத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். சரக்கு வண்டிக்கும், முட்டி வலிக்காரர்களுக்கும் உதவும் என்று சேர்க்கச் சொன்னாள் தோழி. சேர்க்கவில்லை. நான் ஒருத்திதான் என்றாலும் கட்டத்தானே வேண்டும்?

"கட்டும்போதே சொல்லியிருக்கலாமே" என்றார் மேலாளர். கட்டின இரண்டு நாளும் நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். அப்புறம், கைப்பிடி எவ்வளவு உயரம் வேண்டும்?

ரசமட்டம்:
90 செ.மீ. சுமாருக்கு வைப்பது வழக்கம். ஆனால் கம்பியை நடுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள். எட்டுகிற இடத்தில் கொத்தனாரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.