அல்கான்குவின் மேப்பிள் சிவப்பு, படத்தில் அப்பிய சாயம் மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

மலைக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். கனடா வந்து எனக்கு இது இரண்டாவது இலையுதிர் காலம். செப்டம்பர் கடைசி ஞாயிறு டொரோண்டோவிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு அல்கான்குவின் பூங்காவுக்குப் போனேன். 60ஆம் நெடுஞ்சாலையில் 39.7ஆவது கிலோமீட்டரில் இருக்கும் லுக்அவுட் பாதையில் ஏறி, மேலே பாறையில் நின்று இருநூறு படம் எடுத்திருப்பேன்.

கண்ணால் பார்த்தபோது சிவப்பிலேயே பத்து வகை தெரிந்தது. குங்குமம், மாதுளை முத்து, பழுத்த மிளகாய், செங்கல். படத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே சாயம். பெரிதாக்கினால் இலைக்கும் இலைக்கும் நடுவில் கோடே இல்லை. பக்கத்தில் நிற்கும் பைன் மரத்தின் ஊசி இலைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஆகவே ஃபோகஸ் கோளாறு இல்லை.

காட்டுக்குள் எடுத்தவற்றில் இதற்கு நேர்மாறு. இலைகள் வெளுத்து, மேலே சாம்பல் தூவியது போல இருக்கின்றன.

விவரம்: ஏபிஎஸ்-சி கேமரா, 18-135 லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்வது) ஆட்டோ, பிக்சர் ஸ்டைல் விவிட் (நிறத்தைத் தூக்கிக் காட்டுவது). நேரம் மதியம் 12 முதல் 2 வரை, நல்ல வெயில். ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் உச்ச வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன்.

நன்றியறிதல் நாள் விடுமுறையில் மறுபடி போகிறேன். இந்தக் காட்டை ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. எதை மாற்ற வேண்டும்?

கூழாங்கல்

இரண்டு கேள்விகள். ஜேபெக் மட்டும் எடுத்தீர்களா, ராவும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சேர்த்தா? நீங்கள் பார்த்தது வெள்ளையாக ஒற்றை வரைபடமா, அல்லது சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக மூன்றா?

மலைக்காற்று

ஜேபெக் மட்டும்தான். வெள்ளை வரைபடம் ஒன்றுதான் பார்த்தேன்.

கூழாங்கல்

அப்படியென்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்த வெள்ளை வரைபடம் பெரும்பாலும் மொத்த வெளிச்சத்தின் கணக்கு. மூன்று நிறத்தையும் கலந்துதான் அது போடப்படுகிறது, ஆனால் சம பங்காக அல்ல. நம் கண் பச்சையைத்தான் அதிகம் உணரும் என்பதால் பச்சைக்குப் பாதிக்கும் மேல் கொடுத்துவிட்டு, சிவப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். வெயிலில் நிற்கும் மேப்பிள் இலையில் பச்சையும் நீலமும் ரொம்பக் குறைவு, சிவப்பு மட்டும் உச்சத்தில் இருக்கும். மொத்தக் கணக்கு “இன்னும் இடம் இருக்கிறது” என்று காட்டும்போதே சிவப்பு 255 என்ற உச்ச எண்ணைத் தொட்டு நின்றுவிடும். அதற்கு மேல் வரும் குங்குமமும் மிளகாயும் எல்லாம் அதே 255தான். நீங்கள் சொல்லும் அப்பிய சாயம் இதுதான்.

விவிட் இதை இன்னும் மோசமாக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சிவப்பைப் பிடித்துத் தள்ளிவிடும்.

செய்ய வேண்டியது இது. மெனுவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போடுங்கள், சிவப்புக் கோட்டை மட்டும் கவனியுங்கள். அது வலது சுவரில் ஒட்டினால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7க்கு இறக்குங்கள், வெயில் கடுமையாக இருந்தால் -1 வரைகூடப் போகலாம். திரையில் படம் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ராவில் எடுங்கள். ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் உள்ளே தயாராகும் ஜேபெக்கை வைத்துத்தான் வரைகிறது. அதனால் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றினால் வரைபடம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

நீலக்குயில்

நான் கைபேசியில்தான் எடுக்கிறேன். எனக்கும் இதே தொல்லை இருந்தது. இலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தேன், சரியாகிவிட்டது. வெளுத்த படங்களுக்கு எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) ஏற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

கூழாங்கல்

முதல் பாதி ரொம்பச் சரி. இரண்டாவதில் எனக்கு உடன்பாடில்லை. சாச்சுரேஷனை ஏற்றினால் வெளுப்பு மறையாது, வெளுப்பைச் சுற்றியிருக்கும் நிறம்தான் கத்தும். எடிட்டிங்கில் நான் செய்வது வேறு: நிறவாரியான பகுதிக்குப் போய் சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் லூமினன்ஸை (வெளிச்ச அளவு) மட்டும் சிறிது குறைப்பேன். நிறம் தானாக அடர்ந்து இறங்கும், நரம்பும் தெரியும். ஆனால் வெளுப்பை எடுக்கும் இடத்திலேயே தீர்க்க வேண்டும். அதை வன்னிமரம் சொன்னால் நன்றாக இருக்கும், அவர் அந்தப் பூங்காவுக்குப் போய் வருபவர்.

வன்னிமரம்

தம்பி, நான் ரொறன்ரோ வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே போகிறேன். கமராவை விட முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பல் தூவியது போல இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, இலையின் மேலே மெழுகுப் படலம் இருக்கிறது, அதில் வானம் பட்டுத் தெறிக்கிறது. நீங்கள் சாம்பல் என்று பார்ப்பது வானத்தின் நிறத்தைத்தான். அதற்கு போலரைசர், அதாவது தெறிக்கும் பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி, வேண்டும். லென்சின் முன் மாட்டி, கண்ணால் பார்த்தபடியே மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் பளபளப்பு அணைந்து, இலையின் சொந்த நிறம் எழும்பும். மழை பெய்து ஓய்ந்த காட்டில் இதைச் செய்து பார்த்தால் பிறகு அது இல்லாமல் போக மனம் வராது. வெளிச்சம் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்), ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். காற்று இருந்தால் ஷட்டர் 1/250க்குக் கீழே போக வேண்டாம். 18 மில்லிமீட்டரில் வானத்தைச் சேர்த்து எடுத்தால் நீலம் ஒரு மூலையில் கறுத்துத் திட்டாகும், அப்போது கழற்றிவிடுங்கள். ஏரியில் மரம் தெரியும் படத்துக்கும் முழுதாகச் சுற்ற வேண்டாம், தண்ணீரில் தெரியும் மரமும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். படம் முழுக்க மஞ்சளும் சிவப்பும் இருந்தால் விளக்கு வெளிச்சம் மஞ்சள் என்று கமரா நினைத்து நீலத்தைக் கலக்கும். அதை டேலைட் அல்லது மேகமூட்டம் என்ற அமைப்பில் நிறுத்திவிடுங்கள்.

மதியம் 12 மணி வெயிலை விடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஏழேகாலை ஒட்டித்தான் சூரியன் வரும், அதற்கு அரை மணி முன்பே ஏரிக்கரையில் நில்லுங்கள். இரவுக் குளிரில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் பனிமூட்டம் எழும்பும். வெயில் ஏறிய பிறகு காட்டுக்குள் போய், சூரியனை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் மறைத்து, இலைக்கு எதிர்ப்புறம் நின்று எடுங்கள். வெளிச்சம் இலையின் ஊடாக வரும்.

அப்புறம் ஒன்று. மஞ்சள் நிறம் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. மேப்பிள் சிவப்பு அப்படியல்ல, இலையில் தேங்கும் சர்க்கரையையும் வெயிலையும் கொண்டு இந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது. ஆகையால் ஒரு இலையை இன்னொன்று மறைத்திருந்த இடம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும். மேலே இருந்த இலையின் நிழல் கீழே இருப்பதில் அச்சுக் குத்தியது போலிருக்கும். கிட்டப் போய்த் தேடிப் பாருங்கள், மலையைவிட அழகான படம் அதில் கிடைக்கும்.

விடுமுறை வாரம் என்பதால் நாள் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், தீர்ந்துவிடும். அந்த நேரம் சீனி மேப்பிள் பெரும்பாலும் கொட்டியிருக்கும். மனம் தளர வேண்டாம், ஆஸ்பென், மஞ்சள் பேர்ச் நிற்கும். 42.5ஆவது கிலோமீட்டரில் ஸ்ப்ரூஸ் சதுப்பு நிலத்தின் பலகைப் பாதையில் டமராக் மரங்கள் பொன்னாகத் தொடங்கியிருக்கும். ஊசி இலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் முழுவதும் உதிர்க்கும் மரம் அது. ட்ரோன் கொண்டுபோக வேண்டாம், அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

மலைக்காற்று

போய் வந்துவிட்டேன். வன்னிமரம் அண்ணா சொன்னது போலவே லுக்அவுட்டில் பாதி மலை மொட்டை. ஆனால் பெக் ஏரிக்கரையில் மூட்டம் கலையும்போது ஒரே ஒரு சிவப்பு மேப்பிள் மிச்சம் நின்றது. -0.7, நியூட்ரல், ராவ். கூழாங்கல், சிவப்புக் கோடு சுவருக்கு ஒரு விரல் முன்பே நின்றது. இப்போது பெரிதாக்கினால் ஒவ்வொரு இலையின் பல்விளிம்பும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது.

போலரைசரை நண்பரிடம் இரவல் வாங்கினேன். ஈரப் பாறை மேல் கிடந்த ஒரு இலையை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். முதலில் வெள்ளித்தாள் மாதிரி மின்னியது. கால் சுற்று திருப்பியதும் மின்னல் அணைந்து, பாறை கறுத்து, இலை உள்ளிருந்து எரிவது போல வந்தது. அந்த அச்சு இலையும் கிடைத்தது! மஞ்சள் திட்டில் இன்னொரு இலையின் மூன்று முனைகள் தெளிவாகத் தெரிந்தன. அம்மாவுக்கு அனுப்பினேன். “இதை யார் வரைந்தது?” என்று கேட்டார். இலை தானே வரைந்தது என்றேன். படத்தைப் பெரிதாக அச்சிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். காலையில் வெளியே 2 டிகிரி. எடுத்து முடித்து, ஹீட்டர் ஓடும் காருக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிட்டது, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பதினைந்து நிமிட நல்ல வெளிச்சம் போயிற்று.

வன்னிமரம்

காருக்கு வெளியே நிற்கும்போதே கமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை முழுதாக மூடிவிடுங்கள், உள்ளே வந்ததும் திறக்காதீர்கள். மெமரி கார்டு வேண்டுமென்றால் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். பையோடு சேர்ந்து மெல்லச் சூடாகட்டும், ஒரு மணி நேரம் விட்டால் போதும். அடுத்த இடம் பக்கத்தில் என்றால் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜாக்கெட்டோடு ஓட்டுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

அந்த அச்சு இலைப் படத்தை இங்கேயும் போடுங்கள் தம்பி.