புதுப்பிப்பு: மடிக்கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இசை
மேடையில் மடிக்கணினியை வெறித்தபடி மின்னணு இசை வாசித்தால், எந்த அசைவு எந்த ஒலியை எழுப்புகிறது என்று எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரிவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, மாற்று என்ன என்று கேட்டிருந்தீர்கள்.

மின்னணு இசைக் கலைஞர் லெட்டீசியா சொனாமி இசைக்கருவியாகவே பயன்படுத்திய கையுறையைப் பாருங்கள். 1991இல் செய்த முதல் வடிவம் வெறும் சமையலறை ரப்பர் கையுறைதான். ஒரு கையின் விரல்நுனிகளில் காந்தப்புலத்தை உணரும் சென்சார்கள், மறு கையில் காந்தம். விரல் நெருங்க நெருங்க மின்னழுத்தம் மாறும், கூடவே ஒலியும். எது எதை அசைக்கிறது என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

அதற்கும் முன்பே, 1984இல், ஆம்ஸ்டர்டாமில் மின்னணு இசைக்கான ஆய்வுக்கூடமான ஸ்டைமில், இசைக் கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் 'தி ஹேண்ட்ஸ்' என்ற, இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு வாசிக்கும் சென்சார் கருவியை உருவாக்கியிருந்தார். ஒரு கட்டத்தில் அதை மாற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு வாசித்துப் பழகுவதில் இறங்கினார். தங்கள் கருவியில் வாரத்துக்கொரு சென்சார் ஒட்டும் நம்மாட்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது கொஞ்சம் கசக்கும்.

அடுத்து, மேடையிலேயே நிரல் எழுதி இசைத்தபடி, அந்தத் திரையையே ரசிகருக்குக் காட்டும் லைவ் கோடிங் பற்றி எழுதுகிறேன்.